அடையாற்றுச் சிறுவர் வழக்கு

அடையாற்றில் தோன்றிய வழக்கொன்று சீமையிலிருந்த பிரிவி கௌன்ஸில் வரையிற் சென்று முடிந்தது. ஒரு தேசத்தின் தலைமை நீதிமன்றம் எவ்வாறு முடிவு காண்கின்றது என்பதை அது நன்கு விளக்குமாதலின், நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டு அதனை எடுத்துரைப்பாம்.

நாராயணய்யா என்பார் அரசாங்க உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்று, 1909-இல் பிரம்மஞான சபையில் வேலையேற்றுத் தம் மக்களுடன் அடையாறு வந்தடைந்தார். 1910 மார்ச்சு 6-ஆம் நாள், கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தம் என்னும் தம் புதல்வர் இருவருக்கும் அன்னி பெசண்டு அம்மையாரைப் பாதுகாவலராக எழுதிக் கொடுத்தார். அம்மையார் 1912-இல் அவர்களைக் கல்வியின் பொருட்டு இங்கிலாந்தில் இருத்தினார். தந்தையாரோ மனம் மாறி, மக்களைத் திருப்பித் தருமாறு செங்கற்பட்டு ஜில்லாக் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். அது சென்னை ஹைக்கோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. அம்மையார் தாமே நின்று வாதாடினார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தந்தைக்குச் சார்பாகத் தீர்த்தார். அப்பீலிலும் அதுவே நிலைத்தது.

1914 மே மாதத்தில் பிரிவி கௌன்ஸில் அத்தீர்ப்பை நீக்கிற்று. யாது காரணம்? தந்தையார் நல்லவரோ, அம்மையார் நல்லவரோ என்னும் ஆராய்ச்சியில் அம்மன்றம் புகவில்லை. தீர்ப்பதற்கு அதிகாரம் உண்டோ என்பதனையே முதற்கண் நோக்கிற்று. சிறுவர் இருந்ததோ இங்கிலாந்து. ஆதலின் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி செங்கற்பட்டுக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை. அங்கில்லாத அதிகாரம் வழக்கை மாற்றியதனால் ஹைக்கோர்ட்டுக்கு வந்துவிடாது. தந்தையின் பாதுகாப்புரிமை ஒரு தருமப் பொறுப்பு. பிறரிடம் ஒப்புவித்ததை அவர் மீட்டுக் கொள்ளலாம் என்பதையும் அம்மன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் சிறுவரின் நலத்துக்காகப் பேசுவாரும், அவர்தம் விருப்பத்தைக் கேட்பாரும் இன்றி அவ்வழக்கு நடந்ததே பெருங்குறை என்றது. வேண்டுமாயின் இங்கிலாந்து நீதிமன்றத்தை அடுக்கலாம் எனவும் வழி காட்டிற்று.

அக்காலத்துப் பிரிவி கௌன்ஸில், மன்னருக்குக் கூறும் ஆலோசனையாக ஒரே கருத்தை வெளியிடும். உறுப்பினர்க்குள் வேறுபாடு இருப்பினும் அது வெளிப்படாது. இந்திய வழக்குகளின்மேல் அதற்கிருந்த அதிகாரம் 1949-இல் ஒழிந்தது. 1950-இல் தோன்றிய சுப்ரீம் கோர்ட்டிலோ பெரும்பான்மையோர் கருத்தே தீர்ப்பாகும். மாறுபட்ட நீதிபதி தம் கருத்தை வெளிப்படையாக எழுதலாம். அரசியலமைப்பின் பொருள் பற்றிய முக்கிய வினாக்களை ஐவர்க்குக் குறையாத நீதிபதிகள் கூடியே தீர்த்தல் வேண்டும்.

தாயோ தந்தையோ இல்லாத பிள்ளை யாரிடம் வளர்வது என்னும் பூசல் நம் குடும்பங்களிலும் நேர்வதுண்டு. அப்போது சிறிய தந்தையும் தாய்மாமனும் தத்தம் உரிமையையே பேசுவர். பெரியோர் கூடிப் பஞ்சாயம் பேசுமிடத்து, அப்பிள்ளையையும் அருகழைத்து ஒரு வார்த்தை கேட்பாராக.