பியட் 124

பியட் 124 என்பது இத்தாலியின் தூரின் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பியட் நிறுவனம் 1966 முதல் 1974 வரை உற்பத்தி செய்த குடும்ப மகிழுந்து ஆகும். 1967ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த மகிழுந்து விருது இதற்கு வழங்கப்பட்டது. தாயகத்தில் எட்டு ஆண்டுகளே உற்பத்தியில் இருந்த இந்த மகிழுந்து, உரிமம் பெற்ற பிற நாடுகளில் வெவ்வேறு பெயர்களுடன் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. அவற்றுள் சோவியத் ஒன்றியத்தின் லாடா மிகவும் அறியப்பட்டது. உலகின் பெரும்பகுதியில் இவ்வண்டி பியட் என்ற பெயரால் அறியப்படாமல் லாடா என்ற பெயராலேயே அறியப்படுகிறது.

வடிவமைப்பு

பியட் 1300க்கு மாற்றாக 124 வடிவமைக்கப்பட்டது. இது முன்புறம் எந்திரமும் பின்சக்கர இயக்கமும் கொண்டது. தோற்றத்தில் இது அலங்காரம் ஏதுமற்ற ஒரு பெட்டியைப் போன்றது. ஆயினும் அந்தப் பெட்டி வடிவமே சுமார் 4 மீட்டர் நீளமுள்ள வண்டிக்குள் ஐந்து பேர் நெருக்கடியின்றி அமரவும், அவர்களின் சுமைகளை வைக்கவும் இடமளித்தது. உடல் எடை குறைவாக இருந்ததால் 1197 கன செ.மீ கொள்ளளவும் 60 குதிரைத்திறனும் உடைய எந்திரமே போதுமானதாக இருந்தது.

எந்திரத்தை வடிவமைத்தவர் அவுரேலியோ லாம்பிரெடி. இவர் முன்பு பெராரி நிறுவனத்தில் பந்தய வண்டிகளுக்கு எந்திரங்கள் வடிவமைத்தவர். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் பொருத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் இந்த விலையில் விற்ற குடும்ப மகிழுந்துகளில் இது அரிது.

வகைகள்

நான்கு கதவு வண்டியுடன் பமிலியாரே என்ற நீள்கூரை வகையும் விற்பனைக்கு வந்தது. 1968இல் 1438 கன செ.மீ எந்திரமும் நான்கு முகப்பு விளக்குகளும் கொண்ட 124 சிறப்பு வகை வெளியானது. இதில் பின்புறத் தொங்கல் அமைப்பும் மேம்படுத்தப்பட்டது. 1970இல் வந்த 'சிறப்பு டி' வகையில் லாம்பிரெடியின் இரட்டை மேல்நிலை நெம்புருள் தண்டு எந்திரம் இடம்பெற்றது.

இந்த இரட்டைத் தண்டு எந்திரம் முதலில் 124இன் விளையாட்டு வகைகளுக்காகவே உருவாக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று கூப்பே. மற்றொன்று பினின்பரினா நிறுவனத்தில் டாம் ஜார்டா வரைந்த ஸ்பைடர் என்னும் திறந்த கூரை வண்டி. குடும்ப வண்டியின் உற்பத்தி நின்ற பின்னரும் ஸ்பைடர் 1985 வரை தயாரிக்கப்பட்டது. 1974இல் 124க்கு மாற்றாக பியட் 131 அறிமுகமானது.

சோவியத் ஒன்றியத்தில்

1960களில் சோவியத் ஒன்றியத்தில் சாதாரணக் குடும்பங்கள் மகிழுந்து வாங்குவது மிகக் கடினமாக இருந்தது. இதை மாற்றும் நோக்கில் 1966 ஆகஸ்டில் சோவியத் அரசு பியட்டுடன் ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை உருவாக்கும் தொழிற்சாலை, வோல்கா ஆற்றங்கரையில் உள்ள தொலியாத்தி நகரில் கட்டப்பட்டது. இத்தாலியப் பொதுவுடைமைத் தலைவர் பால்மிரோ தொலியாத்தியின் பெயரை இந்நகரம் பெற்றது பியட் ஒப்பந்தத்தால் என்று சிலர் கருதுவதுண்டு. உண்மையில் அவர் இறந்த 1964ஆம் ஆண்டிலேயே, அதாவது ஒப்பந்தத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ஸ்தாவ்ரபோல் என்ற பழைய பெயர் மாற்றப்பட்டுவிட்டது.

சோவியத் சாலைகளில் சோதித்தபோது இத்தாலிய வண்டி தாக்குப்பிடிக்கவில்லை. கரடுமுரடான தடங்களில் உடற்கூட்டில் விரிசல்கள் தோன்றின. சேறும் மணலும் பட்டுப் பின்சக்கர டிஸ்க் பிரேக்குகள் விரைவில் தேய்ந்தன. எனவே சுமார் 800 மாற்றங்கள் செய்யப்பட்டன. உடலுக்குத் தடித்த எஃகுத் தகடு பயன்படுத்தப்பட்டது. தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையிலான உயரம் கூட்டப்பட்டது. பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக் பொருத்தப்பட்டது. கடுங்குளிரில் மின்கலம் செயலிழந்தால் கையால் சுழற்றி எந்திரத்தை இயக்க ஒரு கைப்பிடியும் சேர்க்கப்பட்டது. எந்திரமும் வேறு: 1198 கன செ.மீ கொள்ளளவும் மேல்நிலை நெம்புருள் தண்டும் உடைய இதனை பியட் தன் சொந்த 124 வண்டிகளில் பயன்படுத்தவில்லை. இம்மாற்றங்களால் வண்டியின் எடை கூடியது. அவ்வகையில் இதனை வெறும் நகல் என்று கூறுவது பொருந்தாது.

வாஸ் 2101 எனப் பெயரிடப்பட்ட இவ்வண்டியின் முதல் ஆறு வண்டிகள் 1970 ஏப்ரல் 19 அன்று வெளிவந்தன. அவற்றுள் நான்கு சிவப்பு, இரண்டு நீலம். அருகில் உள்ள குன்றுகளின் பெயரால் உள்நாட்டில் இது ஜிகுலி எனப்பட்டது. இச்சொல் சில ஐரோப்பிய மொழிகளில் தகாத பொருள் தரும் ஒரு சொல்லைப் போல ஒலித்ததால் ஏற்றுமதிக்கு லாடா என்ற பெயர் சூட்டப்பட்டது. மக்கள் இதனைக் 'கபேய்க்கா' (காசு) என்று செல்லமாக அழைத்தனர். பல குடும்பங்களுக்கு இதுவே முதல் மகிழுந்து. பணம் இருந்தாலும் பல ஆண்டுகள் வரிசையில் காத்திருந்தே பெற முடிந்தது.

2101ஐத் தொடர்ந்து 2102, 2103, 2106, 2105, 2107, 2104 ஆகிய வகைகள் வந்தன. உருசியாவில் இவ்வரிசையின் உற்பத்தி 2012இல் முடிவடைந்தது. அதற்குள் 1.7 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாரிக்கப்பட்டிருந்தன.

பிற நாடுகளில்

எசுப்பானியாவில் சியட் நிறுவனம் 1968 முதல் 1980 வரை 124ஐத் தயாரித்தது. 1975இல் இதன் முகப்பு செவ்வக விளக்குகளுடன் மாற்றப்பட்டது. துருக்கியின் பர்சா நகரில் 1971 முதல் முராத் 124 என்ற பெயரில் வெளிவந்தது. பின்னர் 1980களில் இவ்வண்டிக்கு அங்கு செர்சே என்ற புதிய பெயர் இடப்பட்டது. துருக்கிய மொழியில் இதற்குச் சிட்டுக்குருவி என்று பொருள். பல்கேரியாவிலும் தென்கொரியாவிலும் சில ஆண்டுகள் இவ்வண்டி பொருத்தி விற்கப்பட்டது.

இந்தியாவில்

மும்பையின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், பியட் 1100ஐ அடிப்படையாகக் கொண்ட பத்மினி வண்டியைத் தயாரித்து வந்தது. சியட் நிறுவனத்தின் உற்பத்திக் கருவிகளைப் பெற்று 1985இல் பிரீமியர் 118 என்.இ. என்ற வண்டியை இந்நிறுவனம் அறிமுகப்படுத்தியது. உடல் எசுப்பானிய 124 உடையது. எந்திரமோ ஜப்பானின் நிசான் நிறுவன உரிமத்தில் செய்யப்பட்ட 1171 கன செ.மீ எந்திரம். பெயரில் உள்ள 'என்.இ.' நிசான் எந்திரத்தைக் குறிக்கிறது. இவ்வண்டி சந்தைக்கு வந்தபோது இத்தாலியில் 124இன் உற்பத்தி நின்று 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் பத்மினியையும் அம்பாசடரையும் நீண்டகாலம் பார்த்துப் பழகியிருந்த இந்திய நகரங்களில் இது ஒரு புதிய வண்டியாகவே வரவேற்கப்பட்டது.