வணிக உடன்படிக்கையும் நாடாளுமன்ற இறையாண்மையும்: இந்தியக் காப்புரிமைச் சட்ட வரலாறு (1970–2013)

ஆய்வுச்சுருக்கம்

உலக வணிக அமைப்பில் இந்தியா உறுப்பு நாடானதன் விளைவாக, 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை திருத்தப்பட்டது. இத்திருத்தங்கள் நாட்டின் இறையாண்மையைப் பறித்தன என்பர் ஒரு சாரார். உடன்படிக்கை செய்துகொள்வதே இறையாண்மையின் வெளிப்பாடு என்பர் மற்றொரு சாரார். மக்களாட்சிக்கு நேர்ந்த இழப்பு, உடன்படிக்கையின் விதிகளைக் காட்டிலும், கடப்பாட்டை முதலில் ஏற்று விவாதத்தைப் பின்னர் நடத்திய வரிசைமுறையிலேயே பெரிதும் அமைந்துள்ளது என்பதை இக்கட்டுரை சட்ட வரலாற்றின் வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காப்புரிமை, டிரிப்ஸ் உடன்படிக்கை, உலக வணிக அமைப்பு, அவசரச் சட்டம், நாடாளுமன்றம், இறையாண்மை.

முன்னுரை

பன்னாட்டு உடன்படிக்கைகள் குறித்த ஆய்வுகளில் இறையாண்மை என்னும் சொல் பெரும்பாலும் அரசு முழுவதற்கும் உரிய ஒற்றைப் பண்பாகவே ஆளப்படுகிறது. ஆயினும் அரசு என்பது ஒற்றை உறுப்பன்று. உடன்படிக்கையில் கையொப்பமிடுவது நிருவாகத் துறை. அதற்கேற்பச் சட்டம் இயற்ற வேண்டியது நாடாளுமன்றம். அச்சட்டத்திற்குப் பொருள் காண்பது நீதித்துறை. எனவே, உடன்படிக்கையால் இறையாண்மை குன்றியதா என்னும் வினாவோடு, அரசின் எவ்வுறுப்பின் அதிகாரம் குன்றியது என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். இதற்கு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் வரலாறு தக்க சான்றாகிறது.

1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் உருவாக்கம்

விடுதலைக்குப் பின்னரும் இந்தியாவில் 1911ஆம் ஆண்டின் காப்புரிமை, வடிவமைப்புச் சட்டமே நடைமுறையில் இருந்தது. இதனை ஆராய்ந்து நீதிபதி என். இராஜகோபால அய்யங்கார் 1959 செப்டம்பரில் அறிக்கை அளித்தார். இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வரை அயல்நாட்டவர் வசம் இருந்ததையும், அவற்றுள் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை இந்நாட்டு உற்பத்தியில் பயன்படுத்தப்படாமல் கிடந்ததையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. உள்நாட்டு உற்பத்திக்கு உதவாத காப்புரிமை, இறக்குமதிக்கான தனியுரிமையாக மட்டுமே எஞ்சும் என்பது அதன் சாரமாகும்.

இவ்வறிக்கையின் அடிப்படையில் 1965இல் கொணரப்பட்ட சட்டமுன்வடிவு காலாவதியாயிற்று. 1967இல் மீண்டும் கொணரப்பட்டது கூட்டுக்குழுவின் ஆய்வுக்கு உட்பட்டு 1970இல் சட்டமாகி, 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அறிக்கைக்கும் சட்டத்திற்கும் இடையே பதினோர் ஆண்டுகள் கழிந்தன. உணவு, மருந்து, வேதிப்பொருள் ஆகியவற்றில் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டுமே உண்டு என இச்சட்டத்தின் 5ஆம் பிரிவு வரையறுத்தது. ஒரே மருந்தை வேறு செய்முறையில் தயாரிக்கும் உரிமை இதனால் உள்நாட்டு நிறுவனங்களுக்குக் கிட்டியது. இந்திய மருந்துத் தொழிலின் பின்னைய வளர்ச்சிக்கு இவ்விதி முதன்மைக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

உருகுவே சுற்றும் அரசமைப்பின் நிலையும்

1986 செப்டம்பரில் உருகுவேயின் புந்தா தெல் எஸ்தே நகரில் காட் அமைப்பின் எட்டாம் சுற்றுப் பேச்சு தொடங்கியது. அறிவுசார் சொத்துரிமையை வணிகப் பேச்சுக்குள் கொணர்வதை இந்தியா முதலில் எதிர்த்தது. 1989 ஏப்ரலில் அவ்வெதிர்ப்பைத் தளர்த்தியது. 1991 டிசம்பரில் வெளியான டங்கல் வரைவு இந்தியாவில் கடும் அரசியல் விவாதத்தைக் கிளப்பியது. எனினும் 1994 ஏப்ரல் 15 அன்று மொராக்கோ நாட்டின் மர்ரகேஷ் நகரில் இந்தியா இறுதி ஆவணத்தில் கையொப்பமிட்டது.

இதற்கு நாடாளுமன்றத்தின் முன்னிசைவு சட்டப்படி தேவைப்படவில்லை. உடன்படிக்கை செய்தல் ஒன்றியப் பட்டியலின் 14ஆம் இனத்தில் அடங்கும். உறுப்பு 73இன்படி அது ஒன்றிய நிருவாக அதிகாரத்திற்கு உட்பட்டது. அதனை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை உறுப்பு 253 நாடாளுமன்றத்திற்கு அளிக்கிறது. உடன்படிக்கை குடிமக்களின் உரிமைகளையோ நாட்டுச் சட்டத்தையோ மாற்றும்போதுதான் சட்டமியற்றல் தேவை என்பதை மகன்பாய் ஈசுவர்பாய் படேல் வழக்கில் (1969) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இதே உடன்படிக்கையை அமெரிக்கா கையாண்ட முறை ஒப்புநோக்கத் தக்கது. கடப்பாடு தொடங்குமுன்னரே, 1994 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும், அந்நாட்டுப் பேராயத்தின் இரு அவைகளும் அதற்கான சட்டத்தின்மீது வாக்களித்தன. அமெரிக்கச் சட்டத்திற்கு முரணான உடன்படிக்கை விதி உள்நாட்டில் செல்லாது என்பதையும் அச்சட்டத்தின் 102ஆம் பிரிவில் எழுதிக்கொண்டன.

அவசரச் சட்டமும் மாநிலங்களவையும்

டிரிப்ஸ் உடன்படிக்கை, மருந்துகளுக்குப் பொருட்காப்புரிமை வழங்க 2005 வரை இந்தியாவிற்குக் காலம் அளித்தது. எனினும் அதுவரை வரும் விண்ணப்பங்களைப் பெற்றுப் பாதுகாக்கும் ‘அஞ்சற்பெட்டி’ ஏற்பாட்டினையும், குறிப்பிட்ட நிலைகளில் தனி விற்பனை உரிமையையும் 1995 ஜனவரி 1 முதலே உறுதிசெய்ய வேண்டும் என உறுப்பு 70 விதித்தது.

அதற்கு முந்தைய நாளான 1994 டிசம்பர் 31 அன்று அரசு ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. நாடாளுமன்றம் கூடிய ஆறு வாரங்களில், 1995 மார்ச் 26 அன்று, அது காலாவதியாயிற்று. அதற்கு மாற்றான சட்டமுன்வடிவு மக்களவையில் நிறைவேறியது. ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத மாநிலங்களவையோ அதனைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பியது. குழு அறிக்கை அளிக்குமுன்னரே 1996 மே 10 அன்று மக்களவை கலைக்கப்பட்டதால் முன்வடிவும் மறைந்தது. இதற்கிடையே, விண்ணப்பங்களைத் தொடர்ந்து பெற்று வைக்குமாறு காப்புரிமை அலுவலகங்களுக்கு அரசு நிருவாக ஆணை வழங்கியிருந்தது. 1997 அக்டோபர் நடுப்பகுதி வரை இவ்வாறு 1,924 விண்ணப்பங்கள் சேர்ந்தன.

ஜெனீவாத் தீர்ப்பின் உட்பொருள்

1996 ஜூலையில் அமெரிக்கா உலக வணிக அமைப்பில் முறையிட்டது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றாவிடினும் நிருவாக ஆணையே போதும் என்பது இந்திய அரசின் வாதம். 1997 டிசம்பர் 19 அன்று மேல்முறையீட்டு அமையம் இதனை ஏற்க மறுத்தது. கடப்பாட்டை நிறைவேற்றும் முறையைத் தேர்ந்துகொள்ள இந்தியாவிற்கு உரிமையுண்டு என அது ஒப்பியது. ஆனால் விண்ணப்பங்களை ஆய்வுக்கு அனுப்புமாறு 1970ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியிருக்க, அதற்கு மாறான நிருவாக ஆணை நீதிமன்றத்தில் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை என்றது.

இங்கே ஒரு முரண் புலப்படுகிறது. நாடாளுமன்றத்தைக் கடந்து செல்லும் வழியை வாதிட்டது இந்திய அரசு. நாடாளுமன்றச் சட்டத்தை நிருவாக ஆணை வெல்லாது என்னும் அடிப்படையில் தீர்ப்பளித்தது ஜெனீவாவிலிருந்த அமையம். ஆனால் அத்தீர்ப்பின் நடைமுறை விளைவு நாடாளுமன்றத்தின் சுதந்திரத்தைச் சுருக்கியது. சட்டத்தைத் திருத்த 1999 ஏப்ரல் வரை கெடு குறிக்கப்பட்டது. 1999 ஜனவரியில் மீண்டும் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. மார்ச்சில் நாடாளுமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. முன்னர் அவையின் தயக்கமாக இருந்தது இப்போது நாட்டின் விதிமீறலாகக் கணிக்கப்பட்டது. மறுக்கும் உரிமை ஏட்டில் இருந்தும் அதற்கு வணிகப் பதிலடி என்னும் விலை உண்டாயிற்று.

2005ஆம் ஆண்டுத் திருத்தம்

2001 நவம்பரில் தோகா மாநாடு, டிரிப்ஸ் உடன்படிக்கை மக்கள் நலவாழ்வைக் காக்கும் நடவடிக்கைகளுக்குத் தடையாக அமையலாகாது என அறிவித்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் காப்புரிமைக் காலத்தை இருபது ஆண்டுகளாக்கியது. பொருட்காப்புரிமைக்கான இறுதிக் கெடு நெருங்கியபோது, 2004 டிசம்பர் 26 அன்று மூன்றாம் முறையாக அவசரச் சட்டமே பிறப்பிக்கப்பட்டது.

ஆயினும் இம்முறை நாடாளுமன்றம் வெறும் ஒப்புதல் அளித்து அமையவில்லை. அரசு வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிக் கட்சிகளைச் சார்ந்திருந்தது. அவற்றோடு நடந்த பேச்சின் பயனாக, 2005 மார்ச்சில் நிறைவேறிய சட்டம் அவசரச் சட்டத்தினின்றும் குறிப்பிடத்தக்க வகையில் வேறுபட்டது. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் அதன் பயன்திறனை மேம்படுத்தாவிடின் புத்தாக்கம் ஆகாது எனப் பிரிவு 3(டி) விரிவாக்கப்பட்டது. காப்புரிமை வழங்குமுன் எதிர்ப்புத் தெரிவிக்கும் வாய்ப்பு வலுப்பெற்றது. அஞ்சற்பெட்டி விண்ணப்பங்களுக்கு உட்பட்ட மருந்துகளை முன்னரே தயாரித்துவந்த நிறுவனங்கள் உரிமத்தொகை செலுத்தி உற்பத்தியைத் தொடரவும் வழி செய்யப்பட்டது. பொருட்காப்புரிமை வேண்டுமா என்பதை அவை தீர்மானிக்க இயலவில்லை. எதனைப் புத்தாக்கம் எனக் கொள்வது என்பதைத் தீர்மானிக்க இயன்றது. உடன்படிக்கை வரையறுக்காது விட்ட இடமே அவையின் களமாயிற்று.

நோவார்ட்டிஸ் வழக்கு

இத்திருத்தத்தின் வலிமை சென்னையில் சோதனைக்குள்ளாயிற்று. இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்திற்குச் சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் அளித்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. பிரிவு 3(டி) டிரிப்ஸ் உடன்படிக்கைக்கும் அரசமைப்பின் உறுப்பு 14க்கும் முரணானது என அந்நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2007 ஆகஸ்டு 6 அன்று, உறுப்பு 14 சார்ந்த வாதத்தை நீதிமன்றம் தள்ளியது; உடன்படிக்கையோடு பொருந்துகிறதா என்பதைக் காணும் மன்று தானன்று எனவும் கூறியது. இந்தியச் சட்டத்தின் செல்லுபடியை அளக்கும் கோலாக உடன்படிக்கை ஏற்கப்படவில்லை என்பதே இதன் முதன்மை.

விண்ணப்பம் தொடர்பான மேல்முறையீட்டில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்பது நோய் தீர்க்கும் திறனே எனப் பொருள் கொண்டு காப்புரிமையை மறுத்தது. சட்டத்தின் நோக்கத்தை அறிய 2005ஆம் ஆண்டின் நாடாளுமன்ற விவாதங்களையும் அது நோக்கியது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவையில் பேசப்பட்டது நீதிமன்றத்தில் பொருள் காணும் சான்றாயிற்று. பிரிவு 3(டி)க்கு எதிராக எந்நாடும் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுக்கவில்லை.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு இரு உண்மைகளைத் தெளிவாக்குகிறது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் பதினோராண்டு விவாதத்தில் விளைந்தது. அதன் அடிப்படையை மாற்றிய கடப்பாடோ அவையின் வாக்கெடுப்பின்றி ஏற்கப்பட்டது. மூன்று அவசரச் சட்டங்களும் அவ்வரிசைமுறையின் தொடர்விளைவுகளாம். மற்றொருபுறம், நாடாளுமன்றம் உடன்படிக்கையின் வாசகத்தை நுணுகி ஆராய்ந்தபோது, காலங்கடந்தும் நோயாளிகளுக்குப் பயனளிக்கும் விதியொன்றை உருவாக்க முடிந்தது. அத்தகைய ஆய்வு கையொப்பத்திற்கு முன்னரே நிகழ்ந்திருப்பின், பேச்சு மேசையிலேயே அது பயன்பட்டிருக்கக்கூடும்.

2024 மார்ச்சில் ஐரோப்பியத் தடையற்ற வணிகக் கூட்டமைப்பு நாடுகளுடன் கையொப்பமான உடன்படிக்கை வரையிலும் நிருவாகத்துறையே முடிவெடுக்கும் முறை தொடர்கிறது. உடன்படிக்கைகளைக் கையொப்பத்திற்கு முன் நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்கு உட்படுத்தும் நெறியொன்றை உறுப்பு 253இன் வழியே சட்டமாக்குதல், இவ்வரலாறு உணர்த்தும் முதன்மைத் தேவையாகும்.