ஓவாமலை: பெயர் எழுதி வைத்த பாறை

தொட்டபெட்டா 2,637 மீட்டர். அந்தக் கணக்கில் பார்த்தால் மேலூர் வட்டாரத்தின் மாங்குளம் மலை ஒரு மேடு, அவ்வளவுதான். ஓவாமலை, கழுகுமலை என்றும் சொல்வார்கள். ‘மலையேறப் போறேன்’ என்று கிளம்பும் மதுரைக்காரர்கள் பெரும்பாலும் கொடைக்கானலுக்குத்தான் பஸ் ஏறுகிறோம். ஆனால் நான் யாருக்காவது ஒரு மலையைச் சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்.

மேலே இயற்கையான குகைத்தளங்கள், கல்லில் செதுக்கிய படுக்கைகள். மழைத்தண்ணி உள்ளே வழியாமலிருக்கப் பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். அங்கேதான் தமிழி எழுத்துக்கள். 1882-இல் ராபர்ட் சூவெல் இவற்றைக் கவனப்படுத்தினார். எழுத்து தெரிந்தது, மொழி பிடிபடவில்லை. இந்த மாதிரிக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் காட்டினார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரை 1965-இல் ஐராவதம் மகாதேவன் அடையாளம் கண்டார். காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு.

எனக்கு ராஜாவைவிட மற்ற பெயர்கள்தான் முக்கியம். கணி நந்தி என்ற சமணத் துறவிக்கு இடம் செய்து கொடுத்தவன் கடலன் வழுதி, அரசனின் அதிகாரி. இன்னொரு கல்வெட்டில் அரசனுக்கு மைத்துனன் முறையான இளஞ்சடிகனும் அவன் அப்பா சடிகனும். வெள்ளறை நிகமம், அதாவது வணிகர் சங்கமும் செலவு செய்திருக்கிறது. துறவி ஊரைவிட்டு மலைக்குப் போனார், சரி. அவர் படுக்க இடம் செய்து தந்தது கீழே இருந்த ஊர்தான்.

அந்த வழக்கம் அற்றுப்போகவில்லை. 2022-இல் அரிட்டாபட்டியிலும் இந்த மலையடிவார மீனாட்சிபுரத்திலும் 193.42 ஹெக்டேர் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து 2,015.51 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ‘மலையை விட மாட்டோம்’ என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்குப் பேரணி வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

போறவங்க தண்ணி எடுத்துக்கிட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள ஏறிடுங்க. பாறையில உங்க பேரை மட்டும் எழுதாதீங்க. அங்கே பெயர் இருப்பவர்கள் எல்லாம் ஏதாவது கொடுத்தவர்கள்.