படத்தை அணைத்துவிட்டுத் தேடு: கூகுளின் 2006 பரிசோதனை

2006 ஜூலையில் கூகுள் லேப்ஸில் 'ஆக்சஸிபிள் சர்ச்' என்று ஒரு தேடல் வந்தது. பலருக்கு நினைவிருக்காது. அதைச் செய்தவர் டி. வி. ராமன். புனேக்காரர், கிளாக்கோமாவால் 14 வயதில் பார்வையை இழந்தவர். ஐஐடி பம்பாயில் படித்து, 1994-ல் கார்னெலில் முனைவர் பட்டம் வாங்கினார். கணிதச் சமன்பாடுகளைக் காதால் கேட்டே புரிந்துகொள்ளும்படி வாசிக்கும் மென்பொருள்தான் அவர் ஆய்வு. பெயர் ஆஸ்டர். அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும் அதேதான். (இந்த ஒரு தகவலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.)

சரி, தேடல் எப்படி வேலை செய்தது? முதலில் வழக்கம்போல, கேட்ட சொல்லுக்குப் பொருந்தும் பக்கங்களை எடுக்கும். அப்புறம் அவற்றின் ஹெச்டிஎம்எல்லைப் பார்த்து வரிசையை மாற்றும். கட்டமைப்பு எளிமையா, கண்ணைப் பறிக்கும் சமாச்சாரம் குறைவா, படங்களை அணைத்தாலும் பக்கம் ஒழுங்காக வருமா? தேறினால் மேலே. எங்க வாழவந்தி நாட்டில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும்போது இந்தச் சோதனை தானாகவே நடக்கும். படம் வராது; அதற்கு மாற்றாக யாராவது ஒரு வரி எழுதியிருந்தால் அது மட்டும் வரும். எழுதலைன்னா வெறும் கட்டம்.

இப்போ தமிழுக்கு வருவோம். அந்தக் காலத் தமிழ்த் தளங்கள் பலவற்றுக்கு ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. திரையில் 'அம்மா' என்று தெரியும். கோப்புக்குள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். கண்ணுக்குத் தமிழ், ஸ்க்ரீன் ரீடருக்கு உளறல். தேடுபொறிக்கும் அதே உளறல்தான் என்பதால், யூனிகோடில் 'அம்மா' என்று தட்டினால் அந்தப் பக்கம் அகப்படாது. வேடிக்கை என்னன்னா, எளிமையை மட்டும் பார்க்கும் அளவுகோல் அந்தப் பக்கத்துக்கு நல்ல மதிப்பெண்ணே போடும். படம் இல்லை, பளபளப்பு இல்லை, ஒரு சொல்கூடக் கேட்கவும் முடியாது! தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றதே 2010-ல்தான். இன்று என்விடிஏ போன்ற இலவச ஸ்க்ரீன் ரீடர்கூடத் தமிழ் வாசிக்கும், பக்கம் யூனிகோடில் இருந்தால்.

லேப்ஸை 2011-ல் கூகுள் மூடியது. ராமனின் தேடலும் இப்போது இல்லை. பார்வையற்றவருக்கு எதுக்குத் தனி வாசல், பொதுத் தேடலிலேயே இதைச் சேர்த்தால் என்ன என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் பக்கம் திறக்கும் வேகம் 2010-ல் தரவரிசைக் கணக்கில் சேர்ந்தது. மொபைலில் சரியாக வருகிறதா என்பது 2015-ல் சேர்ந்தது. பார்வையற்றவர் வாசிக்க முடியுமா என்பதற்கு மட்டும் அந்தக் கணக்கில் தனி இடம் இன்னும் இல்லை.