பிறர்க்கென இட்ட கையொப்பம்

வழிபாட்டுரிமையைத் தம் சமயத்தார்க்கு மட்டும் வேண்டுவோர் உண்மையில் சலுகையையே வேண்டுகின்றனர். தமக்கு உடன்பாடில்லாத சமயத்தார்க்கும் அதனை வேண்டும்போதுதான் அது உரிமை என்னும் தகுதியைப் பெறுகின்றது. இதற்குச் சான்றாக நிற்கும் வரலாறு நியூயார்க் நகருக்கு உண்டு. 2010ஆம் ஆண்டில் அந்நகரில் மூண்ட பள்ளிவாசல் சர்ச்சையை அவ்வரலாற்றோடு இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஃபிளஷிங் விண்ணப்பம்

பதினேழாம் நூற்றாண்டில் அந்நகர் டச்சுக்காரர் ஆட்சியில் 'நியூ ஆம்ஸ்டர்டாம்' என வழங்கியது. ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் தம் திருச்சபை ஒன்றையே ஏற்றவர். 1654இல் பிரேசிலிலிருந்து புகலிடம் நாடி வந்த யூதரை வெளியேற்ற முயன்றார். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர்க்கு இடமளிப்போரைத் தண்டித்தார். இதனை எதிர்த்து ஃபிளஷிங் என்னும் சிற்றூரில் முப்பதுபேர் 1657 டிசம்பர் 27 அன்று ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். அவருள் எவரும் குவேக்கர் அல்லர் என்பதே இதன் சிறப்பு. அன்பும் அமைதியும் உரிமையும் யூதர்க்கும் துருக்கர்க்கும் உரியன என்றும் அவ்விண்ணப்பம் கூறிற்று. அக்கால ஐரோப்பியர் முஸ்லிம்களைத் துருக்கர் என்றே சுட்டினர். தமிழிலும் அவ்வழக்கு இருந்ததை நாம் அறிவோம்.

ஆளுநர் இணங்கவில்லை. விண்ணப்பத்தை எழுதிய ஊர் எழுத்தர் எட்வர்ட் ஹார்ட் சிறைப்பட்டார். 1662இல், தம் இல்லத்தில் குவேக்கர் கூடி வழிபட இடந்தந்த ஜான் பௌன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அவர் ஆம்ஸ்டர்டாம் சென்று, குடியேற்றத்தை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடம் முறையிட்டார். பிறர்க்கு ஊறு செய்யாதவரின் மனச்சான்றில் தலையிட வேண்டாம் என்று 1663இல் கம்பெனி ஆளுநருக்கு எழுதியது.

அஞ்சப்பட்ட சமயங்கள்

பின்வந்த ஆங்கிலேயர் ஆட்சியிலும் அச்சம் நீங்கவில்லை. அதன் இலக்கே மாறியது. 1700ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கக் குருமார் அங்கு நுழைவதைத் தடுத்தது. விடுதலைக்குப் பின்னரே, 1785இல், பார்க்லே தெருவில் புனித பேதுரு ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1806ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் முன்னிரவில் அவ்வாலயத்தையும் ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. கத்தோலிக்கர் அயல்நாட்டுத் தலைமைக்கு அடங்கியவர், ஆதலால் நம்பத்தகாதவர் என்பதே அன்றைய குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டைப் பிற்காலத்தில் வேறு சமயத்தார்மீதும் கேட்கின்றோம்.

2010ஆம் ஆண்டுச் சர்ச்சை

2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் ஏறத்தாழ 2,750 பேர் மாண்டனர். அவருள் முஸ்லிம்களும் இருந்தனர். தீயணைப்புத் துறையின் ஆன்மிக வழிகாட்டியான அருட்தந்தை மைக்கேல் ஜட்ஜின் உடலைப் புனித பேதுரு ஆலயப் பீடத்தின் முன்னர்தான் கிடத்தினர். அதற்கு அடுத்த தெருவில், அன்று சேதமுற்ற பழைய துணிக்கடைக் கட்டடம் ஒன்று இருந்தது. அவ்விடத்தில் தொழுகைக் கூடமும் அரங்கமும் நீச்சல்குளமும் கொண்ட பண்பாட்டு மையம் ஒன்றை எழுப்ப முஸ்லிம்கள் திட்டமிட்டனர். 'கார்டோபா இல்லம்' என்றும் பின்னர் 'பார்க்51' என்றும் அது பெயர் பெற்றது. 2009இன் இறுதி முதலே அப்பழைய கட்டடத்தில் அமைதியாகத் தொழுகை நடந்து வந்தது. திட்டம் பெரிதாகப் பேசப்பட்ட பின்னரே நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது.

எதிர்த்தோர் அனைவரையும் பகைமை கொண்டவர் எனல் முறையன்று. உற்றாரை இழந்தோரின் துயரம் மெய்யானது. அவருள்ளும் மையத்தை ஆதரித்தோர் இருந்தனர். ஆயினும் 'உரிமை உண்டு. இவ்விடம் வேண்டா' என்னும் வாதத்தை ஆராய்தல் வேண்டும். ஒரு சிலர் செய்த கொலைக்கு ஒரு சமயத்தார் அனைவரும் விலகி நிற்கக் கடவர் என்னும் முடிபு அதனுள் மறைந்துள்ளது. யூத வெறுப்பை எதிர்க்கத் தோன்றிய அவதூறு எதிர்ப்புக் கழகமே அவ்வாதத்தை முன்வைத்து, பதினோராண்டு கழித்து 2021இல் அது பிழை என ஏற்று வருத்தம் தெரிவித்தது.

2010 ஆகஸ்ட் 3 அன்று நகரச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையம், பழைய கட்டடத்தைக் காக்கப்பட வேண்டிய சின்னமாக அறிவிக்க மறுத்ததால், மையத்துக்கு வழி திறந்தது. அன்றே மேயர் மைக்கேல் புளூம்பெர்க் உரையாற்றினார். யூதராகிய அவர், ஃபிளஷிங் விண்ணப்பத்தையும் புனித பேதுரு ஆலயத்தையும் நினைவூட்டி முஸ்லிம்களின் உரிமைக்காக வாதாடினார். 1657ஆம் ஆண்டுக் கையொப்பத்தின் மறுபதிப்பாகவே அவ்வுரையைக் கருதலாம்.

எனினும் அம்மையம் எண்ணிய வடிவில் எழவில்லை. அவ்விடம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு உரியதாயிற்று. சட்டம் திறந்த கதவைச் சமூகம் சாத்திவிடக் கூடும் என்பது இதனால் விளங்கும்.

நிறைவாக

ஃபிளஷிங்கில் ஜான் பௌனின் வீடு இன்றும் நிற்கின்றது. அவர் பெயர் தாங்கிய அதே தெருவில்தான் 1977 ஜூலை 4 அன்று மகாவல்லப கணபதி கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கடல் கடந்து சென்ற தமிழர் அங்கே தேங்காய் உடைத்து வழிபடுகின்றனர். அந்த முப்பதின்மர் நம் கடவுளை அறிந்தாரல்லர்; எனினும் அவர்கள் கேட்ட உரிமையின் நிழலிலேயே நம் கோயிலும் நிற்கின்றது. அந்நிழலில் நிற்போர் அடுத்த தெருவில் எழவிருக்கும் பள்ளிவாசலுக்கும் கையொப்பமிடக் கடமைப்பட்டவர். சொல்லையே கருவியாகக் கொண்ட நம் வட்டத்தார்க்கு அக்கடமை இன்னும் பெரிது.