கல்லீரல் கட்டியைச் சூட்டால் அழிக்க முடியுமா? 'அப்லேஷன்' சிகிச்சை பற்றி ஒரு விளக்கம்

பீங்கான் நகரமான விருத்தாசலத்தில் அகல் விளக்கும் பொம்மையும் உறுதியாக, சூளையின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். ஆனால் கல்லீரலில் வளரும் புற்றுநோய் செல்கள் சாக 60 டிகிரியே போதும். அந்தச் சூட்டைக் கட்டிக்குள் மட்டும் செலுத்துவதுதான் 'அப்லேஷன்'.

எப்படிச் செய்கிறார்கள்?

அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேனில் பார்த்தபடியே, தோல் வழியாக ஒரு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவார்கள். ரேடியோ அலை முறையில் ஊசிமுனையில் இருந்து பாயும் மின்னோட்டமும், மைக்ரோவேவ் முறையில் நுண்ணலையும் சூட்டை உண்டாக்கும். விளிம்பில் நோய் மிஞ்சாமல் இருக்க, கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை நல்ல திசுவையும் சேர்த்தே அழிப்பார்கள். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. பலரும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

யாருக்குப் பலன் தரும்?

பொதுவாக 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, எண்ணிக்கையில் மூன்றுக்கு மிகாத கட்டிகளுக்கு. சிரோசிஸ் காரணமாக ஆபரேஷனைத் தாங்க முடியாதவர்களுக்கு இது முக்கியமான வாய்ப்பு. கட்டி பெரிதானால் முழுவதும் சூடு பரவாது. பெரிய ரத்தக்குழாய் அருகில் இருந்தால், ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். ஓரத்தில் செல்கள் பிழைத்துவிடலாம்.

பக்கவிளைவு உண்டா?

சில நாட்கள் வலி, லேசான காய்ச்சல் இருக்கலாம். ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, பித்தநாளப் பாதிப்பு ஆகியவை அரிது. சுமார் ஒரு மாதத்தில் மீண்டும் ஸ்கேன் எடுப்பார்கள். வேறு இடத்தில் கட்டி வரலாம் என்பதால் அதன் பிறகும் கண்காணிப்பு தொடரும்.

நாட்டுச் சூடும் இதுவும் ஒன்றா?

இல்லை. மஞ்சள் காமாலைக்குக் கையில் சூடு போடும் பழக்கம் சில கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அந்தச் சூடு தோலைத்தான் புண்ணாக்கும்; கல்லீரலைத் தொடாது. அதை நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் கட்டி ஊசிக்கு அடங்காத அளவுக்கு வளர்ந்துவிடலாம்.

என்ன செய்ய வேண்டும்?

"வலியே இல்லையே, எதுக்கு ஸ்கேன்?" என்று பலர் கேட்பதுண்டு. சின்னக் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் பிரச்சினையே. சிரோசிஸ் உள்ளவர்களும், நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களில் டாக்டர் அறிவுறுத்துபவர்களும் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். ஊசியால் முடியுமா, முடியாதா என்பதை அந்த ஸ்கேன் தேதிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.