ஹெட்லைட் பல்பு மாற்றப் போகிறீர்களா? அதற்கு முன் ஒரு நூறு வருடக் கதை

இரவில் வண்டி ஓட்டும் எல்லோருக்குமான பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். பல்பு வாங்கக் கிளம்பியவர்கள் மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் இருந்தேன். நைட் டியூட்டிக்குப் போகும் வழியில் பாதி தூரத்துக்குத் தெருவிளக்கே கிடையாது. என்னுடையது பழைய கார். லைட் மங்கல்.

"சார், இந்த வெள்ளை எல்இடி போடுங்க, ரோடு பகல் மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர்.

போட்டேன். பகல் மாதிரிதான் இருந்தது. எனக்கு.

அதே மாதம் ஒரு ராத்திரி, அறுபதைத் தாண்டிய ஒருவரைத் தூக்கி வந்தார்கள். மொபெட்டில் போனவர். காறை எலும்பு முறிவு, முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"எதுக்க ஒரு கார் வந்துச்சு தம்பி. வெள்ளையா ஒரே வெளிச்சம். அப்புறம் ரோடு எங்க இருக்குன்னே தெரியல, பள்ளத்துல எறங்கிட்டேன்."

அந்தக் கார் என்னுடையது இல்லை. நான் டியூட்டியில் இருந்தேன். ஆனால் அவர் சொன்ன அதே வெள்ளை வெளிச்சம், வெளியே வேப்பமரத்தடியில் என் காரில் இருந்தது. அவருக்குத் தோளைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோது மனசு சரியில்லை. அதற்கப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். "வெளிச்சம் போதவில்லை" என்ற பிரச்சினையை மனிதன் ஆரம்பத்திலேயே பெருமளவு தீர்த்துவிட்டான். அதற்கப்புறம் நூறு வருடமாக அவன் மல்லுக்கட்டியது, அந்த வெளிச்சத்தை எதிரே வருபவர் கண்ணில் படாமல் அனுப்புவது எப்படி என்பதோடுதான்.

முதல் கார்களில் எண்ணெய் விளக்கு, அப்புறம் கார்பைடு விளக்கு. ஆமாம், மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே, அதே கார்பைடு கல்தான். அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் அசிட்டிலின் வாயு வரும். பற்ற வைத்தால் பளீரென்று எரியும். 1912இல் அமெரிக்காவின் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடு மின்சார விளக்கையும் சேர்த்துக் கொடுத்தது. டங்ஸ்டன் இழை பல்பு, பின்னால் பளபளக்கும் கிண்ணம். வெளிச்சம் வந்துவிட்டது.

கூடவே எதிரே வருபவனின் சாபமும் வந்துவிட்டது.

1915இல் அமெரிக்காவில் விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்க்கும் வசதி வந்தது. ஆனால் சாய்க்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்க் கையால் சாய்க்க வேண்டும்! எதிரே ஒரு வண்டி வரும்போதெல்லாம் எத்தனை பேர் இறங்கியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1920களின் நடுவில்தான் ஒரே பல்புக்குள் இரண்டு இழை வைத்தார்கள். ஒன்று தூரத்துக்கு, இன்னொன்று கிட்டத்துக்கு. ஐரோப்பாவில் ஓஸ்ராம் கொண்டுவந்த அந்த பல்புக்கு 'பைலக்ஸ்' என்று பெயர். நாம் இன்றைக்குச் சொல்லும் ஹை பீம், டிம் எல்லாம் அதன் வாரிசுகள். பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், டிம் அடிக்க இடது காலால் மிதிக்கும் பட்டன் ஒன்று தரையில் இருக்கும்.

இங்கே கொஞ்சம் மருத்துவம் பேசிக்கொள்கிறேன். எதிர் வெளிச்சம் பட்டால் ஏன் கண் தெரிவதில்லை?

இரண்டு காரணம். நம் விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தைப் பார்ப்பதற்கென்றே குச்சி வடிவ செல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள நிறமி, பலமான வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். முழு இருட்டுக்குக் கண் திரும்பப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். ஒரு கார் கடந்து போகும் வெளிச்சத்துக்கு அவ்வளவு ஆகாது, சில நொடிகள்தான். ஆனால் 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மூன்று நொடியில் 50 மீட்டர் போய்விடும். அந்த 50 மீட்டரும் குருட்டு ஓட்டம்.

இரண்டாவது, சிதறல். வண்டியின் முன் கண்ணாடி அழுக்காக இருக்கும்போது எதிர் வெயில் அடித்தால் முழுக்க வெள்ளைத் திரை போட்ட மாதிரி ஆகிவிடும் இல்லையா? கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் வயதாக ஆக அப்படித்தான் ஆகிறது. புரை விழ ஆரம்பித்தவருக்கு இன்னும் மோசம். ஓட்டுகிற உங்களுக்கு முப்பது வயது, எதிரே வருகிறவருக்கு அறுபத்தைந்து. ஒரே வெளிச்சம், ஆனால் இருவருக்கும் ஒரே கண் இல்லை.

பிரான்ஸ் இதற்காக ஒரு விநோதமான முடிவு எடுத்தது. 1936இல் சட்டம் போட்டு, கார் ஹெட்லைட்டெல்லாம் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்றது. மஞ்சள் கண்ணாடி வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்னும், தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். 1993 வரை அந்தச் சட்டம் இருந்தது. மஞ்சளால் உண்மையிலேயே எவ்வளவு பலன் என்ற வாதம் கடைசிவரை ஓயவில்லை. ஆனாலும் எதிரே வருபவன் கண்ணுக்காக ஒரு நாடே குறைந்த வெளிச்சத்தோடு 57 வருடம் வண்டி ஓட்டியிருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது ஹாலஜன். சாதாரண பல்பில் டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியில் கரியாகப் படியும், இழையும் மெலிந்து அறுந்துவிடும். உள்ளே கொஞ்சம் அயோடின் அல்லது புரோமின் சேர்த்தால், ஆவியான டங்ஸ்டனை அது பிடித்து வந்து இழையிலேயே திரும்ப விட்டுவிடும். அதனால் இழையை இன்னும் சூடாக, இன்னும் பிரகாசமாக எரிய விடலாம். 1962இல் ஐரோப்பாவில் எச்1 வந்தது. 1971இல் எச்4. இன்றைக்கு உங்கள் காரிலோ பைக்கிலோ மூன்று பின் வைத்த 60/55 வாட் பல்பு இருந்தால் பெரும்பாலும் அது இந்த எச்4தான்.

அதைக் கையில் எடுத்தால் கண்ணாடியைத் தொடாமல் உற்றுப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டி உலோகக் கரண்டி இருக்கும். கிண்ணத்தின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் அது தடுக்கிறது. போனால் அது மேல்நோக்கித் தெறிக்கும், அதாவது எதிரே வருபவர் முகத்துக்கு. இழை எங்கே இருக்க வேண்டும், கரண்டி எங்கே முடிய வேண்டும் என்பதெல்லாம் மில்லிமீட்டருக்கும் குறைவான கணக்கு. நூறு வருட அறிவு அந்தக் கரண்டியில் இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தக் கிண்ணத்துக்குச் சம்பந்தமே இல்லாத எல்இடியைச் சொருகினேன். இழை இருந்த இடத்தில் இழையின் அளவிலேயே ஒளி வரவில்லை என்றால், வெளிச்சம் கண்டபடி சிதறும். பக்கத்து ரோடு பளிச்சென்று தெரிவதால் ஓட்டுகிறவருக்குச் சந்தோஷம், தூரத்தில் மாடு நிற்பது தெரியாது. அதிலும் நீலம் கலந்த வெள்ளை எதிரே வருபவர் கண்ணை இன்னும் உறுத்தும்.

எல்இடியே கெட்டது என்று சொல்லவில்லை. 2007 வாக்கில் லெக்ஸஸ் காரிலேயே எல்இடி ஹெட்லைட் வந்துவிட்டது. ஆனால் அது எல்இடிக்கென்றே வடிவமைத்த விளக்கு. ஜெர்மனியில் 2020இல்தான் ஹாலஜன் இடத்தில் பொருத்தும் ஓர் எல்இடி பல்புக்கு அனுமதி கொடுத்தார்கள். அதுவும் எல்லா வண்டிக்கும் இல்லை, சோதித்துப் பார்த்த மாடல்களுக்கு மட்டும்.

"அப்போ 100/90 வாட் ஹாலஜன் போடலாமா டாக்டர்?" என்று கேட்பீர்கள். கரண்டி இருக்கும், ஆனால் கூசவும் கூசும். கம்பெனி வயரிங் அந்தக் கரண்டைத் தாங்காது, ஹோல்டர் உருகும், கிண்ணத்தின் பளபளப்பும் போய்விடும். இன்னொரு கணக்கும் உண்டு. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அதனால் இரண்டு மடங்கு தூரத்தில் அதே வெளிச்சம் விழ நான்கு மடங்கு ஒளி வேண்டும்.

அதே 60/55 வாட்டில் 'இத்தனை சதவீதம் கூடுதல்' என்று அட்டையில் போட்டு வரும் நல்ல கம்பெனி பல்புகள் வாங்கலாம். சீக்கிரம் போய்விடும், அதுதான் விலை. நீலப் பூச்சு பூசியது மட்டும் வேண்டாம், அந்தப் பூச்சே வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

என் காரில் கடைசியில் பல்பே பிரச்சினை இல்லை. முன் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளடித்துப் போயிருந்தது. எர்த் வயர் துருப்பிடித்து வோல்டேஜ் இறங்கியிருந்தது. ஹாலஜனுக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். மெக்கானிக் இரண்டையும் சரிசெய்து, சாதாரண 60/55 பல்பை ஜோடியாக மாற்றினார். பிறகு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்கோடு விளக்கின் உயரத்தைவிட 10 செ.மீ. கீழே விழும்படி திருகினார். பெரும்பாலான கார்களுக்கு இந்த 1 சதவீதச் சரிவுதான். பல வண்டிகளில் விளக்கின் மேலேயே அச்சடித்திருப்பார்கள், பாருங்கள்.

அந்த எல்இடி ஜோடியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்காவது விற்றுவிடச் சொன்னார். அட்டைப்பெட்டியோடு வீட்டுப் பரண் மேல் கிடக்கிறது.